அந்த ஒரு வரியை ஏன் எடுத்தீர்கள்?

சனிக்கிழமை மதச் சுதந்திரம் பற்றிய இணையவழிக் கூட்டத்தில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். உள்ளே இருந்தவர்களுக்குத் தெரியும், இல்லாதவர்களுக்கு இதற்குள் யாராவது சொல்லியிருப்பார்கள். ஆனால் மூன்று நாளாக "உனக்கு எதுக்கு இந்த வேலை" என்று வருகிற செய்திகளுக்குத் தனித்தனியாகப் பதில் சொல்லி மாளவில்லை. எல்லாருக்கும் சேர்த்து இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

நான் சண்டை போடவில்லை. ஒரு கேள்வி கேட்டேன். மதச் சுதந்திரத்தைக் காக்க உலக அளவில் நடக்கும் முயற்சிகள் என்பது தலைப்பு. 1948-ஆம் ஆண்டு உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 18-ஆவது பிரிவைத் திரையில் போட்டார்கள். சிந்தனை, மனசாட்சி, மதம் ஆகியவற்றில் சுதந்திரம் இருந்தது. தனியாகவோ கூட்டாகவோ வழிபட, கற்பிக்க, கடைப்பிடிக்க உள்ள உரிமையும் இருந்தது. நடுவில் இருக்க வேண்டிய ஒன்றைக் காணோம். தன் மதத்தையோ நம்பிக்கையையோ மாற்றிக்கொள்ளும் சுதந்திரமும் இதில் அடங்கும் என்கிற வரி. மூலத்தில் இருப்பதை ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன். "நாம சகிப்புத்தன்மை பற்றிப் பேச வந்திருக்கோம், அதைத் தொட்டா பிரச்சினை ஆகும்" என்றார் நெறியாளர். அதைத் தொடாமல் வேறு எதைப் பேசப் போகிறோம் என்று நான் ஆரம்பித்தபோதே என் மைக்கை அணைத்துவிட்டார்கள்.

ஒரு வரிதானே என்கிறீர்கள். அந்த ஒரு வரிக்காக 1948-இல் ஐநாவில் எவ்வளவு மல்லுக்கட்டு நடந்தது தெரியுமா? லெபனானின் பிரதிநிதி சார்லஸ் மாலிக் அது இருந்தே ஆக வேண்டும் என்று நின்றார். சவூதி அரேபியா வேண்டாம் என்றது. பாகிஸ்தானின் வெளியுறவு அமைச்சர் ஸஃப்ருல்லா கான் எழுந்து அந்தப் பிரிவை ஆதரித்துப் பேசினார். பிறரைத் தன் பக்கம் அழைக்கும் மதம் இஸ்லாம், அதே உரிமை மற்ற மதங்களுக்கும் உண்டு என்பதை அது ஏற்கிறது என்பது அவர் வாதம். டிசம்பர் 10 அன்று முழுப் பிரகடனமும் ஓட்டுக்கு வந்தபோது 48 நாடுகள் ஆதரித்தன, 8 நாடுகள் விலகி நின்றன, எதிர்த்து ஒரு ஓட்டும் விழவில்லை.

அந்த ஸஃப்ருல்லா கான் ஓர் அகமதி, தங்களை முஸ்லிம்களாகவே கருதும் ஒரு பிரிவைச் சேர்ந்தவர். 1974-இல் அவருடைய நாடே அரசியல் சட்டத்தைத் திருத்தி அகமதிகள் முஸ்லிம்கள் அல்ல என்று அறிவித்தது. 1984-இல் வந்த அவசரச் சட்டம், ஓர் அகமதி தன்னை முஸ்லிம் என்று சொல்லிக்கொண்டால் மூன்று ஆண்டு வரை சிறை என்றது. அவர் இறந்தது 1985-இல். அதாவது இதையெல்லாம் உயிரோடு இருந்து பார்த்துவிட்டுத்தான் போனார். உலகத்துக்கே மதச் சுதந்திரம் வேண்டும் என்று பேசிய மனிதருக்குத் தன் மதத்தின் பெயரைத் தானே சொல்லிக்கொள்ளும் உரிமை மிஞ்சவில்லை. இதை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

சரி, அந்த வரி அப்புறம் என்ன ஆயிற்று? 1966-இல் குடிமை, அரசியல் உரிமைகள் பற்றிய ஐநா உடன்படிக்கை எழுதும்போது "மாற்றிக்கொள்ளும்" என்பது போய், விரும்பிய மதத்தை "வைத்திருக்கவோ ஏற்கவோ" உரிமை என்று ஆனது. 1981 நவம்பரில் மதச் சகிப்பின்மைக்கு எதிரான பிரகடனம் வந்தபோது "ஏற்கவோ" என்பதும் போய் "வைத்திருக்க" மட்டும் நின்றது. 33 ஆண்டுகளில் ஒரு சொல் இப்படித் தேய்ந்தது. முதல் பிரகடனத்தில் உள்ள எந்த உரிமையையும் இது குறைக்காது என்று ஒரு விதியைக் கடைசியில் சேர்த்தார்களோ, பிழைத்தது. 1993-இல், அந்த உடன்படிக்கையைக் கண்காணிக்கும் ஐநா மனித உரிமைக் குழு, ஏற்கும் உரிமை என்றாலே இருப்பதை விட்டு வேறொன்றுக்குப் போகும் உரிமையும் அதில் உண்டு, எந்த மதமும் வேண்டாம் என்று இருக்கும் உரிமையும் உண்டு என்று தெளிவாக எழுதி வைத்தது. இவ்வளவு பேர் இவ்வளவு காலம் போராடிக் காப்பாற்றி வைத்ததை நீங்கள் ஒரு ஸ்லைடில் அழித்துவிட்டு சகிப்புத்தன்மை என்று எனக்குப் பாடம் எடுக்கிறீர்கள்.

நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான்: மதச் சுதந்திரம் மதத்துக்குக் கொடுத்த உரிமை இல்லை, மனிதனுக்குக் கொடுத்தது. உள்ளே இருப்பவனைக் காப்பது போலவே வெளியே போகிறவனையும் அது காக்க வேண்டும். இல்லையென்றால் அது வாசலைப் பூட்டுகிற உரிமை.

"மேற்கு நாடுகள் இதை ஆயுதமாக வைத்திருக்கின்றன" என்று ஒருவர் எழுதியிருந்தார். ஒத்துக்கொள்கிறேன். அமெரிக்கா 1998-இல் சட்டம் போட்டு ஆண்டுதோறும் உலகத்துக்கே மதிப்பெண் போடுகிறது, மோசமான நாடுகள் மீது தடை என்று சொல்லிவிட்டு, நட்பு நாடு என்றால் அதில் விலக்கும் கொடுக்கிறது. ஆனால் மற்றவர்கள் என்ன செய்தார்கள்? 2022 அக்டோபரில் ஐநா மனித உரிமைகள் கவுன்சிலில், சீனாவின் சின்ஜியாங்கில் உய்குர் முஸ்லிம்களுக்கு நடப்பது பற்றி ஒரு விவாதம் நடத்தலாமா என்று ஓட்டுக்கு விட்டார்கள். கண்டனம்கூட இல்லை, வெறும் விவாதம். ஆதரவு 17, எதிர்ப்பு 19. பாகிஸ்தானும் இந்தோனேசியாவும் கத்தாரும் எதிர்த்து ஓட்டுப் போட்டன. இந்தியா உட்பட 11 நாடுகள் விலகிக்கொண்டன. எல்லா நாடும் தனக்கு வசதியான நேரத்தில்தான் மதச் சுதந்திரம் பேசுகிறது. அதனால் அந்த உரிமை பொய்யாகிவிடுமா? சிறையில் கிடப்பவனிடம் போய், உனக்காகப் பேசுகிறவர்கள் யோக்கியர்கள் இல்லை, அதனால் நீ கிட என்று சொல்லச் சொல்கிறீர்களா?

"புனிதமானதை இழிவுபடுத்தினால் சும்மா இருக்கணுமா" என்று இன்னொருவர். 1999-இலிருந்து பத்தாண்டுக்கும் மேலாக "மதங்களை இழிவுபடுத்துதல்" என்ற பெயரில் ஐநாவில் தீர்மானம் மேல் தீர்மானமாகப் போட்டார்கள். 2011 மார்ச்சில், அவற்றைக் கொண்டுவந்த முஸ்லிம் நாடுகளின் கூட்டமைப்பான இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பே அந்தச் சொல்லை ஒதுக்கிவிட்டு, 16/18 என்ற தீர்மானத்தில் நம்பிக்கையின் பெயரால் மனிதர்கள் மீது நடக்கும் வெறுப்பையும் வன்முறையையும் பற்றிப் பேசியது. மனிதர்கள் மீது, கவனியுங்கள். அதே மாதம் 2-ஆம் தேதிதான் பாகிஸ்தானின் சிறுபான்மையினர் அமைச்சர் ஷாபாஸ் பட்டியைச் சுட்டுக் கொன்றார்கள், மதநிந்தனைச் சட்டம் தவறு என்று சொன்னதற்காக. இழிவைத் தடுக்க வந்த சட்டம் எங்கே போய் முடியும் என்பதற்கு இதற்கு மேல் நான் என்ன சொல்ல?

அடுத்தது, எல்லாரும் கடைசியில் எடுக்கும் அஸ்திரம்: "ஆசை காட்டி மாற்றுகிறார்களே?" மிரட்டியோ வற்புறுத்தியோ மாற்றுவதை 1966 உடன்படிக்கையின் அதே 18-ஆவது பிரிவு தடை செய்கிறது. படித்துவிட்டுப் பேசுங்கள். ஆனால் பக்கத்து வீட்டுக்காரரிடம் தன் நம்பிக்கையைப் பற்றிப் பேசுவது வற்புறுத்தல் இல்லை. கிரேக்கத்தில் யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த கொக்கினாகிஸ் என்ற முதியவரை அப்படிப் பேசியதற்காக 60 தடவைக்கு மேல் கைது செய்தார்கள். 1993-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அது தவறு என்று தீர்ப்பளித்தது. அவர் அந்த நம்பிக்கைக்கு மாறியது 1936-இல். இடையில் எத்தனை ஆண்டு என்று எண்ணிப் பாருங்கள்.

"ஆசை காட்டி" என்று சொல்லும்போது எனக்கு ஏன் இவ்வளவு கோபம் வருகிறது என்று கேட்டீர்கள். சொல்கிறேன். என் அக்கா மதம் மாறினாள். எந்த மதத்திலிருந்து எந்த மதத்துக்கு என்று சொல்ல மாட்டேன், சொன்னால் உங்களில் பாதிப் பேர் அவளைத் திட்டவும் மீதிப் பேர் அவளைக் கொண்டாடவும் கிளம்பிவிடுவீர்கள், அவளுக்கு இரண்டுமே வேண்டாம். நான்கு வருடம் தனியாகப் படித்து, அழுது, யோசித்து எடுத்த முடிவு அது. வீட்டில் முதலில் வந்த கேள்வி, "எவ்வளவு வாங்கினே?" அவளுக்கென்று ஒரு மனம் இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றவே இல்லை. அப்பா அதன்பிறகு ஒன்பது வருடம் அவளிடம் பேசவில்லை. அப்பா இறந்த அன்று வந்தாள். உள்ளே விட முடியாது என்று பெரியவர்கள் சொன்னார்கள். மகள் வெளியே ரோட்டில் நின்று பார்த்தாள். அப்போது நான் உள்ளே இருந்தேன். எனக்கு இருபத்தாறு வயது, வாய் இருந்தது, ஆனால் "பிரச்சினை ஆகும்" என்று நானும் பேசாமல்தான் நின்றேன்.

அதனால்தான் நெறியாளர் அதே வார்த்தையைச் சொன்னபோது என்னால் பொறுக்க முடியவில்லை. எல்லாரும் சேர்ந்து வாழ வேண்டும், அடுத்தவர் பண்டிகைக்கு வாழ்த்துச் சொல்ல வேண்டும், நல்லதுதான், நானும் சொல்கிறேன். ஆனால் அவரவர் அவரவர் கூட்டுக்குள் இருக்கும்வரை மட்டும் வருகிற சகிப்புத்தன்மை என் அக்காவுக்கு ஒரு நாளும் உதவவில்லை.

ஐநாவால் என்ன கிழிக்க முடிந்தது என்று கேட்பீர்கள். கேளுங்கள், எனக்கும் வருத்தம் உண்டு. 1986-இலிருந்து மதச் சுதந்திரத்தின் நிலையை ஆராய்ந்து ஐநாவுக்கு அறிக்கை தர ஒரு சிறப்பு அறிக்கையாளர் இருக்கிறார், ஆனால் எந்த நாட்டுக்கும் அந்த அரசு அழைத்தால்தான் அதிகாரபூர்வமாகப் போய்ப் பார்க்க முடியும். 1981 பிரகடனம் இன்று வரை நாடுகளைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தமாக மாறவில்லை. பலவீனமான ஏற்பாடுதான். ஆனால் வெளியே நிற்கும் ஒருத்திக்கு, உன் பக்கமும் நியாயம் எழுதி வைத்திருக்கிறது என்று காட்ட என்னிடம் அந்த வரியைத் தவிர வேறு என்ன இருக்கிறது?

நேற்று அக்கா கூப்பிட்டாள். கூட்டத்தின் பதிவை யாரோ அனுப்பியிருக்கிறார்கள், முழுதாகப் பார்த்திருக்கிறாள். "நீ பேசினதாச் சொன்னாங்க, அதுல எங்கேயும் நீயே இல்லையேடா" என்றாள். போய்ப் பார்த்தேன். நான் கேட்ட கேள்வி, அவர் சொன்ன பதில், மைக் போனது, எல்லாமாக நான்கு நிமிடம் வெட்டப்பட்டிருக்கிறது.

ஏற்பாட்டாளர்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். எனக்கு மன்னிப்பு எதுவும் வேண்டாம். அந்த நான்கு நிமிடத்தைத் திரும்பச் சேருங்கள், அந்த ஸ்லைடில் விட்ட வரியையும் சேருங்கள். அக்கா திரும்பப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.