எராஸ்மஸ்: இரட்டைக் கட்டணம் இல்லை

"எராஸ்மஸ் திட்டத்தில் வெளிநாடு போகும் வணிக மேலாண்மை மாணவர்கள் இரண்டு பல்கலைக்கழகங்களுக்கும் கட்டணம் கட்ட வேண்டும், ஒரு வருடமும் வீண்" என்று ஒரு செய்தி சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

1987-இல் தொடங்கிய இந்த ஐரோப்பிய மாணவர் பரிமாற்றத் திட்டத்தில், போய்ச் சேரும் பல்கலைக்கழகம் படிப்பு, பதிவு, தேர்வு, நூலகம் எதற்கும் கட்டணம் வாங்கக் கூடாது. காப்பீடு, மாணவர் சங்கம் போன்றவற்றுக்குச் சிறு தொகை கேட்கலாம். அதுவும் உள்ளூர் மாணவர் கட்டும் அளவுதான். சொந்தப் பல்கலைக்கழகக் கட்டணம் மட்டும் தொடரலாம்.

சரி, வருடம் வீணாகுமா? எந்தெந்தப் பாடங்கள் என்று கிளம்பும் முன்பே மாணவரும் இரு பல்கலைக்கழகங்களும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகிறார்கள். அங்கே தேர்ச்சி பெற்றால் சொந்தப் பட்டத்தின் கணக்கில் சேர்ந்துவிடும். பணத்தில் உண்மையான கவலை வேறு: திட்டம் தரும் உதவித்தொகை செலவில் ஒரு பங்குக்குத்தான் போதும். வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் முன்கூட்டியே சேர்த்து வையுங்கள்.