முடிந்ததை மட்டும் காட்டு என்றால் எதற்கு இந்தக் கூட்டம்?

சக ஆய்வாளர்கள் முன்னால் பேசத் தயாராவது என்றால் என்ன? எங்கே முட்டி நிற்கிறோமோ அதை எடுத்துக்கொண்டு போய் அவர்களிடம் காட்டுவது. எங்கள் துறையின் ஆய்வு மாணவர் கூட்டத்தில் தலைகீழ். முட்டி நிற்கிற இடத்தையெல்லாம் ஸ்லைடிலிருந்து துடைத்தெடுப்பதுதான் இங்கே தயாரிப்பு!

என் ஆய்வு குளத்துத் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் பற்றியது. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சர் பட்டியலில் 2022-ல் சேர்ந்த சுசீந்திரம் தேரூர் நீர்நிலைதான் களம். பாட்டிலில் தண்ணீரை அள்ளி, கரையிலேயே மாங்கனீஸ் சல்பேட்டும் காரம் சேர்த்த அயோடைடும் விட்டு, குமிழி இல்லாமல் மூடி லேபுக்குக் கொண்டுவர வேண்டும். பழுப்பாக வீழ்படிவு அடியில் இறங்குவதைப் பார்த்த பிறகுதான் மனது ஒரு நிலைக்கு வரும். குளத்தில் ஆக்சிஜன் நாள் முழுக்க ஒரே அளவில் இருக்காது. ராத்திரி பாசி முதல் மீன் வரை எல்லாம் சுவாசித்து, விடியும்போது குறைந்து கிடக்கும். வெயில் ஏற ஏற ஒளிச்சேர்க்கையால் கூடும். போதாததற்கு நம் கன்னியாகுமரி மாவட்டத்து மழை. தமிழ்நாட்டின் பெரும்பாலான மாவட்டங்களுக்கு வடகிழக்குதான் பெரிய மழை. நமக்கு ஜூனில் தென்மேற்கும் உண்டு, ஐப்பசியில் வடகிழக்கும் உண்டு. மழைக்கு முன், மழைக்குப் பின் என்று புத்தகத்தில் போட்டிருக்கிற கட்டத்துக்குள் என் எண்கள் அடங்க மாட்டேன் என்கின்றன. இதைத்தானே நான் நாலு பேரிடம் கேட்க வேண்டும்?

இந்த எண்களைக் காட்டிய ஸ்லைடைத்தான் துறையில் தூக்கச் சொன்னார்கள். "முடியாத விஷயத்தை எதுக்கும்மா போட்டுக்கிட்டு? வம்பு." சரி, அதற்குப் பதில் என்ன போடுவதாம்? கடைசி வரிசைக்குத் தெரியவே தெரியாத எழுத்தில் முந்தைய ஆய்வுகளின் அட்டவணை. லோகோ சரியான மூலையில் இருக்கிறதா என்று பார்த்த பார்வையில் பாதியை என் வரைபடத்தின் மேல் வைத்திருக்கலாம்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் (யூஜிசி) 2022 விதிப்படி ஒவ்வொரு செமஸ்டரும் ஆலோசனைக் குழு முன்னால் போய் நிற்கத்தான் செய்கிறோம். ஆய்வேட்டைக் கொடுப்பதற்கு முன் இன்னொரு முறை, எல்லோரும் பார்க்க. அப்புறம் வைவா என்கிற வாய்மொழித் தேர்வு. நம்மைச் சோதிக்க இத்தனை இடம் போதாதா? சமமானவர்கள் உட்கார்ந்து பேசக் கிடைக்கிற ஒரே இடத்தையும் பரீட்சை ஹாலாக்கினால், அரைகுறையாக நிற்கிற வேலையை நாங்கள் எங்கே கொண்டுபோய்க் காட்டுவது?

பேசி முடித்தேன். "கேள்வி உண்டா?" என்றார்கள். ஒருவர் வாயும் திறக்கவில்லை. வருகைப் பதிவேடு வரிசை வரிசையாக நகர்ந்தது, கையெழுத்து விழுந்தது, கைதட்டினார்கள், முடிந்தது. வெளியே வராந்தாவில் டீ குடிக்கும்போது சீனியர் அக்கா ஒருவர் வந்து, "மக்களே, தண்ணி காலையில எடுத்ததா, மத்தியானமா? ரெண்டையும் ஒரே கோட்டுல போட்டிருந்த மாதிரி தெரிஞ்சுதே" என்றார். நெஞ்சே எரிந்தது. அதைப் பிரித்துக் காட்டிய ஸ்லைடைத்தானே தூக்கச் சொன்னார்கள்! உள்ளேயே கேட்டிருக்கலாமே அக்கா என்றால், "உங்க கைடு முன்னாடி எப்படிக் கேக்க?" என்கிறார்.

அக்காவைக் குற்றம் சொல்ல மாட்டேன். கேள்வி கேட்டால் கைடுக்கு அவமானம் என்று இவர்களை யார் பழக்கியது? கேள்வி வராத ஆய்வை அனுப்பி, வெளியூரிலிருந்து வரும் தேர்வாளர் அதே ஓட்டையில் விரலை விட்டு ஆட்டினால் மட்டும் பெருமையா?

அடுத்த முறை அந்த ஸ்லைடை முதலிலேயே போடப் போகிறேன். தூக்கச் சொன்னால் தூக்க மாட்டேன். வருகிறவர்கள் கையெழுத்துப் போட மட்டும் வராதீர்கள். கேள்வி இருந்தால் ஹாலுக்குள்ளேயே, எல்லோர் முன்னாலும், சத்தமாகக் கேளுங்கள்.