ஏழு நிமிடமும் நாற்பத்தேழு ஆண்டும்

துருக்கிக் குடியரசு எப்படி வந்தது என்பது பற்றிய ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் நடந்ததை உங்களில் பலர் நேரிலோ நேரலையிலோ பார்த்துவிட்டீர்கள் என்பதால் அதை மறுபடி விவரிக்கப் போவதில்லை. செவ்வாய்க்கிழமை ஏற்றப்பட்ட காணொளியில் நான் பேசிய ஏழு நிமிடம் இல்லை என்பதை மட்டும் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவைக்கிறேன். பேச்சாளரின் உரை முழுதாக இருக்கிறது, கைதட்டல் இருக்கிறது, நன்றியுரையும் இருக்கிறது. நான் எழுந்து பேசியதும், அதற்குப் பின்வரிசையிலிருந்து வந்த பதிலும் நீக்கப்பட்டிருக்கின்றன.

அன்று மேடையில் சொல்லப்பட்டது இதுதான்: ஒரு மனிதர், ஒரே இரவு, சுல்தானும் கலீபாவும் போனார்கள், குடியரசு வந்தது, நமக்கும் அப்படி ஒருவர் வாய்க்க வேண்டும். நான் மறுத்தது இந்த வாக்கியத்தை. துருக்கியின் முதல் குடியரசுத் தலைவரான முஸ்தபா கமாலை (அதாதுர்க்) நான் மறுக்கவில்லை, குடியரசை மறுக்கவில்லை, உலக முஸ்லிம்களின் தலைவராகக் கருதப்பட்ட கலீபா திரும்பி வர வேண்டும் என்று கனவிலும் கேட்டதில்லை. துருக்கிக் குடியரசு ஒரே இரவில் வரவில்லை என்று மட்டும் சொன்னேன். அதை இங்கே இன்னும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கே என் பேச்சை நறுக்க ஒருவரும் இல்லை.

குடியரசுக்கு முன்பு அங்கே ஆண்ட உதுமானியப் பேரரசுக்கு எழுதப்பட்ட அரசியலமைப்பு கிடைத்தது 1876 டிசம்பர் 23 அன்று. குடியரசு அறிவிக்கப்பட்டது 1923 அக்டோபர் 29 அன்று. இரண்டுக்கும் நடுவே இருப்பவை நாற்பத்தேழு ஆண்டுகள். அந்த அரசியலமைப்புக்காக முன்னின்ற மித்ஹத் பாஷா இரண்டே மாதத்தில் நாடுகடத்தப்பட்டார். பிற்பாடு விசாரணைக்கு இழுக்கப்பட்டு, தாயிஃப் சிறையில் 1884-இல் கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டார். 1877 மார்ச்சில் கூடிய முதல் நாடாளுமன்றத்தில் துருக்கியரோடு அரபியரும் ஆர்மீனியரும் கிரேக்கரும் யூதரும் உட்கார்ந்து அமைச்சர்களைக் கேள்வி கேட்டார்கள். கேட்டது பொறுக்காத சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது 1878 பிப்ரவரியில் அவையை மூடினார், முப்பது ஆண்டுகள் திறக்கவேயில்லை. அந்த முப்பது ஆண்டுகளில் தடை செய்யப்பட்ட துண்டறிக்கைகளைச் சட்டைக்குள் ஒளித்துப் படித்த இராணுவ மருத்துவக் கல்லூரி மாணவர்களும், 1908 ஜூலையில் மசிடோனிய மலைகளில் ஏறி நின்று அரசியலமைப்பைத் திரும்பக் கேட்ட இளம் அதிகாரிகளும், அந்தச் செய்தி வந்ததும் சாலோனிக்கா நகரத் தெருக்களில் ஒருவரையொருவர் தழுவிக்கொண்ட ஹோஜாக்கள் எனப்படும் முஸ்லிம் மதகுருக்களும் பாதிரியார்களும் எந்த ஒரே இரவுக்குள் அடங்குவார்கள்?

முஸ்தபா கமால் அந்த சாலோனிக்காவில் 1881-இல் பிறந்தவர். பேரரசு நடத்திய இராணுவப் பள்ளிகளில் படித்து, பேரரசின் சீருடையை அணிந்து, அந்த அதிகாரிகளின் இரகசியச் சங்கத்தில் தாமும் உறுப்பினராக இருந்தவர். 1909-இல் அவை கூடித் தீர்மானம் போட்டு, கூடவே ஃபத்வா என்ற மார்க்கத் தீர்ப்பும் பெற்று, அப்துல் ஹமீதை அரியணையிலிருந்து இறக்கியது. ஒரு சுல்தானை அவை இறக்க முடியும் என்பதைக் கண்ணால் பார்த்துவிட்ட அந்தத் தலைமுறைதான் 1922 நவம்பர் 1 அன்று சுல்தான் பதவியையே நீக்கியது. முதலாவது நடந்திராவிட்டால் இரண்டாவதை நினைத்துப் பார்க்கவே அவர்களுக்குத் துணிவு வந்திருக்காது என்பது என் உறுதியான கருத்து.

"அவர் சம்சுனில் இறங்கியிராவிட்டால் துருக்கியே இருந்திருக்காது" என்று, கருங்கடல் துறைமுகமான சம்சுனில் முஸ்தபா கமால் இறங்கி எதிர்ப்பைத் தொடங்கியதைச் சுட்டி, ஒரு நண்பர் எனக்குத் தனிச்செய்தி அனுப்பியிருக்கிறார். இந்த வாதத்தில் பெரிய அளவு உண்மை இருக்கிறது. முதல் உலகப்போரில் தோற்ற பேரரசின்மீது வென்ற நாடுகள் சுமத்தி, 1920 ஆகஸ்டில் கையெழுத்தான செவ்ர் உடன்படிக்கை, இன்றைய துருக்கியின் பெரும்பகுதியான அனடோலியாவைக் கூறு போட்டது. அதைக் கிழித்துப் போட்ட போரை நடத்திய தலைமை அவருடையது. ஆனால் 1919 மே 19 அன்று அவர் சம்சுனில் இறங்குவதற்கு ஆறு மாதம் முன்பே, 1918-இன் கடைசி இரண்டு மாதங்களிலேயே, திரேஸிலும் இஸ்மிரிலும் கிழக்கு மாகாணங்களிலும் ஊர்ப் பெரியவர்களும் வக்கீல்களும் வணிகர்களும் சேர்ந்து உரிமைப் பாதுகாப்புச் சங்கங்களைத் தொடங்கிவிட்டார்கள். கிழக்கு நகரமான எர்சுரூமில் அந்த எதிர்ப்புக்காக நடந்த மாநாட்டைக் கூட்டியவர்கள் அந்தப் பகுதிச் சங்கத்தார். அவர் அதில் பிரதிநிதியாக உட்காருவதற்கு எர்சுரூம்காரர் ஒருவர் தம் இடத்தை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. முஸ்தபா கமாலைக் கைது செய்யச் சொல்லி இஸ்தான்புல்லிலிருந்த சுல்தானின் அரசு உத்தரவிட்டபோது அதற்கு மறுத்து, தம் படையோடு அவர் பக்கம் நின்றவர் கிழக்கில் இருந்த தளபதி காசிம் கராபெக்கிர். கராபெக்கிர் அன்று உத்தரவுக்குக் கீழ்ப்படிந்திருந்தால் மேடையில் நாம் கேட்ட கதையே இல்லை. அந்தப் பெயர் ஒன்றரை மணி நேர உரையில் ஒரு முறையும் வரவில்லை.

1920 ஏப்ரல் 23 அன்று, ஒரு வெள்ளிக்கிழமை, ஹாஜி பைராம் பள்ளிவாசலில் தொழுகை முடித்து நடந்துபோய்த் திறந்து வைத்த, அங்காராவில் கூடிய புதிய தேசிய அவையைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழ்கிறது. தலைப்பாகை கட்டிய மார்க்க அறிஞர்களும், பரம்பரை நிலக்கிழார்களும், பட்டாளத்துக்காரர்களும், எழுத்தர்களும் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். இறையாண்மை நிபந்தனையின்றி மக்களுக்கே உரியது என்று 1921 ஜனவரியில் சட்டம் எழுதியது அந்த அவை. அனடோலியாவுக்குள் புகுந்த கிரேக்கப் படை சகரியா ஆற்றை நோக்கி வந்துகொண்டிருந்த நேரத்தில்கூட, தலைமைத் தளபதி அதிகாரத்தை முஸ்தபா கமாலிடம் மூன்று மாதத்துக்கு மட்டுமே கொடுத்தது; 1922 மே மாதம் அதை நீட்டிக்க அவையில் கடும் எதிர்ப்பு எழுந்து, அவரே வந்து வாதாடித்தான் பெற வேண்டியிருந்தது. வாசலில் பீரங்கிச் சத்தம் கேட்கும்போதும் தளபதியிடம் கணக்குக் கேட்ட மக்கள் அவர்கள். அப்படிப்பட்டவர்களை "தூங்கிக் கிடந்த கூட்டம்" என்று ஒருவர் சொல்ல, அதற்கு அரங்கு கைதட்டியது. எனக்கு அங்கேதான் உட்கார முடியாமல் போயிற்று.

அந்த அவைக்கு என்ன ஆயிற்று என்பதையும் சொல்லத்தான் வேண்டும். எதிரணியில் உரக்கப் பேசிய டிராப்சோன் உறுப்பினர் அலி ஷுக்ரு பே 1923 மார்ச்சில் கொலை செய்யப்பட்டார். அதே ஆண்டு தேர்தலில் எதிரணி ஏறத்தாழ முழுதாக வெளியேற்றப்பட்டது. குடியரசை அறிவித்த அந்த இரவு வாக்களித்தவர்கள் 158 பேர். நூற்றுக்கும் மேற்பட்டோர் அவையில் இல்லை. அந்த ஆண்டு ஆகஸ்ட் வரை அரசின் தலைமை அமைச்சராக இருந்த ரவூஃப் பே இஸ்தான்புல்லில் இருந்தார், கராபெக்கிர் டிராப்சோனில் இருந்தார். இருவரிடமும் ஒரு சொல்கூடக் கேட்கப்படவில்லை. அவர்கள் 1924 நவம்பரில் தொடங்கிய கட்சி, பெயரிலேயே குடியரசைத் தாங்கிய கட்சி, ஏழு மாதத்துக்குள் மூடப்பட்டது. ஆக, ஒரே இரவு என்று எதையாவது சொல்ல வேண்டுமென்றால் அந்த 158 வாக்குகளின் இரவைச் சொல்லலாம். அதற்கு முந்தைய நாற்பத்தேழு ஆண்டுகள் இல்லாமல் அந்த இரவுக்கு ஒரு பொருளும் கிடையாது.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் பதில் கண்ணெதிரே இருக்கிறது. 1927 அக்டோபரில் முஸ்தபா கமால் தம் கட்சி மாநாட்டில் ஆறு நாள், 36 மணி நேரம் பேசினார். அந்த உரை 1919 மே 19 அன்று தாம் சம்சுனில் இறங்கியதில் தொடங்குகிறது. வரலாறே அன்றுதான் தொடங்கியது என்பது போல அது போகிறது; அதில் பழைய தோழர்கள் பலரும் தடைக்கற்களாக ஆகிவிடுகிறார்கள். கராபெக்கிர் தம் பக்கத்து நினைவுகளை எழுதி 1933-இல் அச்சிட்டபோது பிரதிகளைப் பறிமுதல் செய்து எரித்தார்கள். வென்றவர் சொன்னதை வரலாறாகவும் மற்றவர் எழுதியதைச் சாம்பலாகவும் ஏற்றுக்கொண்டு, நூறாண்டு கழித்து நம் ஊர் மேடையில் அதையே திருப்பிச் சொல்வதற்குப் பகுத்தறிவு என்று பெயர் வைப்பது என்னால் ஏற்க முடியாத ஒன்று.

பெண்களுக்கு வாக்குரிமை தந்தவரைக் குறை சொல்கிறாயே என்று என் தோழி வருத்தப்பட்டாள். நான் அந்த உரிமையைச் சிறிது என்று சொல்லவில்லை. 1934-இல் நாடாளுமன்ற வாக்குரிமை துருக்கியப் பெண்களுக்குக் கிடைத்தது, அப்போது பிரெஞ்சுப் பெண்களுக்கு அது இல்லை. ஆனால் 'தந்தார்' என்ற சொல்லில் நிற்கிறேன். 1923 ஜூனில், குடியரசு பிறக்கவும் முன்பே, ஆளுங்கட்சி கட்சியாகப் பதிவாவதற்கும் முன்பே, நெஜிஹே முஹிட்டின் என்ற பெண்மணி பெண்களின் மக்கள் கட்சி என்று ஒன்றைத் தொடங்க அனுமதி கேட்டார். மறுக்கப்பட்டது. கட்சி முடியாது என்றதும் சங்கம் நடத்தினார், அதன் தலைமையிலிருந்தும் 1927-இல் விரட்டப்பட்டார். வாக்குரிமை வந்துவிட்டதால் இனி தேவையில்லை என்று சொல்லி 1935-இல் அந்தச் சங்கத்தையும் கலைத்தார்கள். பன்னிரண்டு ஆண்டு கேட்டவர்களின் பெயர் மறைந்து, கையெழுத்துப் போட்டவரின் பெயர் நின்றது. பெண்ணாகப் பிறந்த எவருக்கும் இது புதுக் கதையாக இருக்காது.

மக்கள் அப்போது தயாராக இல்லை என்பவர்களுக்குத் தனியாகப் பதில் எழுத மாட்டேன். மேலே எழுதியதெல்லாம் அதற்கான பதில்தான்.

பேரரசைப் புகழ்கிறேன் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. 1913-க்குப் பிறகு அதே அரசியலமைப்புக்காரர்கள் சர்வாதிகாரிகளானார்கள், 1915-இல் ஆர்மீனியர்களை ஊர் ஊராகப் பிடுங்கிப் பாலைவனத்துக்கு நடத்திக் கொன்றார்கள். நான் வகுப்பில் இதைச் சொல்லாமல் அந்தப் பாடத்தை ஒரு முறையும் முடித்ததில்லை. என் மாணவர்கள் சிலர் இதைப் படிப்பார்கள், அவர்களுக்குத் தெரியும்.

இப்போது எனக்கு வலித்த இடத்துக்கு வருகிறேன். நான் எழுத்து மாற்றத்தைப் பற்றிப் பேசத் தொடங்கியபோதுதான் பின்வரிசையிலிருந்து அந்தக் குரல் வந்தது: "நீங்கள் அப்படித்தானே சொல்வீர்கள்."

துருக்கி மொழியை அதுவரை இருந்த அரபு எழுத்தை விட்டு லத்தீன் எழுத்தில் எழுத வேண்டும் என்ற சட்டம் 1928 நவம்பர் 1 அன்று நிறைவேறியது. டிசம்பரில் நாளிதழ்களும், ஜனவரியில் புத்தகங்களும் புதிய எழுத்துக்கு மாறியாக வேண்டும். பழைய எழுத்து துருக்கி மொழியின் உயிரொலிகளுக்குப் பொருந்தவில்லை என்று 1862-இலேயே முனிஃப் பாஷா பேசியிருக்கிறார், ஆகவே இந்த எண்ணமும் ஒரே இரவில் உதித்தது கிடையாது. 1927 கணக்கெடுப்பின்போது 1 கோடியே 36 லட்சம் மக்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குத்தான் எழுத்து தெரியும். புதிய எழுத்து கற்க எளிது, பலருக்குப் படிப்பைத் திறந்துவிட்டது. இதையெல்லாம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பத்தில் ஒருவரை நான் நினைக்கிறேன். ஐம்பது வயதில், இருந்த ஒரே எழுத்தும் செல்லாது என்றாகி, கடைப் பலகையின் முன் குழந்தையைப் போல நின்றிருக்கக்கூடிய அந்த மனிதரை நான் நினைக்கிறேன்.

ஏனென்றால் அந்த மனிதரை நான் என் வீட்டில் பார்த்திருக்கிறேன். என் உம்மம்மாவுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. அவர் தமிழை அரபு எழுத்தில் படிப்பார்; அரபுத் தமிழ் என்று எங்கள் கடற்கரை ஊர்களில் தலைமுறை தலைமுறையாக இருந்த வழக்கம் அது. மாலைப் பாட்டுகளும் மார்க்கச் சட்டமும் வீட்டு மருத்துவமும் அந்த எழுத்தில் அச்சான புத்தகங்களாக அவருடைய தகரப் பெட்டியில் இருந்தன. அந்தி நேர மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு விளக்கடியில் உட்கார்ந்து அவர் வாசிக்க, தெருப் பெண்கள் கேட்பார்கள். எனக்குப் பத்து வயதிருக்கும்போது வீடு வீடாகக் கணக்கெடுக்க வந்த ஒருவர் அவரிடம் தமிழ் எழுத்தைக் காட்டி வாசிக்கச் சொன்னார். உம்மம்மா தெரியாது என்றார். "எழுதப் படிக்கத் தெரியாதவர்" என்று எழுதிக்கொண்டு அவர் போய்விட்டார். உம்மம்மாவின் மடியில் அப்போதும் ஒரு புத்தகம் இருந்தது.

அந்த உம்மம்மாவின் வாப்பா கலீபா பதவியைக் காக்க இந்தியாவில் எழுந்த கிலாபத் இயக்கத்துக்குக் காசு கொடுத்தவர். இந்திய முஸ்லிம்கள் திரட்டி அனுப்பிய பணம் அங்காராவுக்குப் போய்ச் சேர்ந்தது, அதில் ஒரு பகுதி 1924-இல் துருக்கியின் இஷ் வங்கிக்கு முதலாயிற்று. அதே ஆண்டு மார்ச் 3 அன்று கலீபா பதவி ஒழிந்தது. அடுத்த வெள்ளிக்கிழமைத் தொழுகையின் சொற்பொழிவான குத்பாவில் யார் பெயரைச் சொல்வதென்று பள்ளிவாசலில் குழம்பி நின்றதாகவும், பிறகு எல்லோரும் தொழுதுவிட்டு வலை இழுக்கப் போனதாகவும் உம்மம்மா சொல்வார். எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு யாரும் கலீபாவைத் தேடவில்லை. எனக்கு வரலாறு படிக்க வேண்டும் என்ற ஆசை வந்ததே அந்தக் கதையால்தான்.

"நீங்கள் அப்படித்தானே சொல்வீர்கள்" என்றவருக்கு நான் சொன்ன ஆண்டுகள் எதுவும் காதில் விழவில்லை, என் பெயர் மட்டும் விழுந்தது. பதினெட்டு ஆண்டுகளாக வரலாறு கற்பிக்கிறேன். 1876 என்று நான் சொன்னால் அது என் மதத்தின் கருத்தாகிவிடுகிறது, அதே ஆண்டை வேறொருவர் சொன்னால் தகவலாகிறது. அரங்கில் எனக்குத் தெரிந்தவர்கள் குறைந்தது இருபது பேர் இருந்தீர்கள். கூட்டம் முடிந்ததும் தேநீர் குடித்துக்கொண்டே "நீங்கள் சொன்னதில் விஷயம் இருக்கிறது" என்று என் காதருகே வந்து சொன்னவர்கள், அதை அந்தக் குரல் எழுந்த நொடியில் உரக்கச் சொல்லியிருக்கலாம்.

ஏற்பாட்டாளர்களுக்கு: நேரம் போதாததால் வெட்டினோம் என்று விளக்கம் சொன்னீர்கள். காணொளி ஒரு மணி 52 நிமிடம் ஓடுகிறது, இன்னும் ஏழு நிமிடம் அதற்குப் பாரமாக இருக்காது. என் பேச்சையும் பின்வரிசைப் பதிலையும் இருந்தபடியே சேர்த்து மறுபடி ஏற்றுங்கள். வெள்ளிக்கிழமைவரை காத்திருக்கிறேன். என் கைப்பேசியில் பதிவு இருக்கிறது, அதற்குப் பிறகு நானே இங்கே போட்டுவிடுவேன்.