புது ஐ20 என் லைனா, பழைய பி.எம்.டபிள்யூவா?

"அண்ணா, கையில பதினாலு லட்சம் இருக்கு. புதுசா ஹூண்டாய் ஐ20 என் லைன் எடுக்கவா, இல்ல 2016 மாடல் பி.எம்.டபிள்யூ 320டி ஒண்ணு விலைக்கு வந்திருக்கு, அதை எடுக்கவா?"

இந்தக் கேள்வி இன்பாக்ஸுக்கு வராத மாதம் குறைவு. வண்டிப் பெயர்தான் மாறும். ஒருவர் டாடா ஆல்ட்ராஸ் ரேசரையும் பழைய ஆடி ஏ4-ஐயும் எதிரெதிரே நிறுத்துவார், இன்னொருவர் பழைய மெர்சிடிஸ் சி கிளாஸைக் கொண்டு வருவார். தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துவிட்டது. பொதுவிலேயே போட்டுவிடுகிறேன்.

நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். வீட்டில் வேறு கார் இருக்கிறதா? இருக்கிறது என்றால் 320டி-யைப் பற்றி உட்கார்ந்து பேசலாம். இல்லை என்றால் நேராக ஷோரூமுக்குப் போங்கள். சம்பளம் எவ்வளவு, மாதம் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

பழைய சொகுசு காரைக் கண்டாலே கையெடுத்துக் கும்பிட்டு ஓடச் சொல்கிறவன் இல்லை நான். ஓட்டுவதற்கு எது நல்ல வண்டி என்று மட்டும் கேட்டால் இங்கே போட்டியே கிடையாது. நண்பர் ஒருவரிடம் எஃப்30 தலைமுறை 320டி இருக்கிறது. அவரோடு வெளியூர் கிளம்பினால் பாதி வழியில் சாவி என் கைக்கு வந்துவிடும். இரண்டு லிட்டர் டீசல், 190 பி.எஸ். குதிரைத்திறன், 400 நியூட்டன் மீட்டர் டார்க், அத்தனையும் பின் சக்கரங்களுக்கு. திண்டிவனம் தாண்டி ஒரு லாரியை முந்த வேண்டுமென்றால் வலது காலை லேசாக அழுத்தினால் போதும். அந்த இசட்.எஃப். எட்டு கியர் ஆட்டோமேட்டிக் எப்போது கியரை இறக்கியது, எப்போது ஏற்றியது என்றே தெரியாது. லாரி கண்ணாடியில் சின்னதாகிவிட்டிருக்கும். முன்னும் பின்னும் எடை ஏறத்தாழ சரிபாதி என்பதால் ஏற்காடு மலைப் பாதையில் அது திரும்பும் விதமே வேறு. முன் சக்கரம் திரும்புவதை மட்டும் பார்த்துக்கொள்ளும், தள்ளுகிற வேலை பின் சக்கரத்துக்கு.

ஐ20 என் லைன், சாதாரண ஐ20-இன் ஸ்போர்ட்டி வடிவம், முன் சக்கரத்தில் ஓடும் வண்டி. ஒரு லிட்டர், மூன்று சிலிண்டர் டர்போ பெட்ரோல், 120 பி.எஸ்., 172 நியூட்டன் மீட்டர். நூறு கிலோமீட்டர் வேகத்தை எட்ட 9.9 வினாடி என்கிறது கம்பெனி. 320டி-க்கு ஏழரை வினாடியே அதிகம். பாதுகாப்பிலும் ஐ20-க்குப் பெருமை பேச வழியில்லை. 2022-இல் குளோபல் என்கேப் இடித்துப் பார்த்தபோது சாதாரண ஐ20-க்கு மூன்று நட்சத்திரம்தான் கிடைத்தது. ஆறு ஏர்பேக் எல்லா மாடலுக்கும் வந்தது அடுத்த வருடம். உடல் கட்டுமானத்தை நம்பி வாங்குகிறேன் என்பவருக்கு ஐந்து நட்சத்திரம் வாங்கிய ஆல்ட்ராஸ் பக்கம்தான் கைகாட்டுவேன். அதன் ரேசரும் அதே 120 பி.எஸ்., மேனுவல் கியர் மட்டும்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு எதற்கு ஷோரூமுக்குப் போகச் சொல்கிறேன்?

புதிதாக வந்த காலத்தில் அந்த 320டி நாற்பது லட்சத்தை ஒட்டி நின்ற வண்டி. பத்து வருடத்தில் வண்டி விலை பதினாலுக்கு இறங்கிவிட்டது. உதிரிப் பாகத்தின் விலை இறங்கவில்லை. அது இன்றும் நாற்பது லட்சம் வண்டிக்கான பாகம்தான். காற்று இறங்கினாலும் கொஞ்ச தூரம் ஓடும் ரன்-பிளாட் டயர்களை நம்பி வந்த வண்டி அது. அதில் ஒரு டயர் போடும் காசுக்கு ஐ20-க்கு இரண்டு போட்டு மிச்சமும் வைக்கலாம். பக்கவாட்டு கனம் கூடிய அந்த டயர் நம்ம ஊர்ப் பள்ளத்தில் விழும்போது ரிம் வளைந்தால் அது தனிக் கணக்கு. முன் சஸ்பென்ஷனில் இருக்கும் கன்ட்ரோல் ஆர்ம் புஷ் என்கிற ரப்பர்கள் நம் வேகத்தடைகளைத் தாங்கும் ஆயுள் குறைவு. கியர்பாக்ஸ் எண்ணெய் ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம் என்று விற்பவர் சொல்வார். அந்தக் கியர்பாக்ஸைச் செய்த இசட்.எஃப். நிறுவனமே எண்பதாயிரம் கிலோமீட்டரிலிருந்து ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்குள் மாற்றச் சொல்கிறது. மாற்றும்போது ஃபில்டரோடு சேர்ந்த அடித்தட்டையும் முழுசாக மாற்ற வேண்டும். இவை எதுவும் ரிப்பேர் இல்லை, சாதாரணப் பராமரிப்பு.

காசைக்கூட விடுங்கள். வருடத்துக்கு ஒரு லட்சம் தனியாக எடுத்து வைக்க முடிந்தவருக்கு இது பெரிய பிரச்சினை இல்லை. நாள்தான் பிரச்சினை. மாருதிக்கும் ஹூண்டாய்க்கும் சென்னை ஜி.பி. ரோட்டில் இறங்கினால் சாயங்காலத்துக்குள் பாகம் கையில். அங்கே இல்லையா, புதுப்பேட்டையில் கழற்றி வைத்தது ஒன்று இருக்கும். 320டி-யின் ஏதோ ஒரு சென்சாரோ கூலன்ட் குழாயோ போனால், ஷெட்டில் வண்டியை விட்டுவிட்டு ஆர்டர் போட்டுக் காத்திருக்க வேண்டும். ஒரு வாரமும் ஆகும், மூன்று வாரமும் ஆகும். அந்த மூன்று வாரத்தில் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவது எதில்? பிள்ளையின் ஸ்கூல்? கல்யாண சீசனில் திருநெல்வேலிப் பயணம்? வீட்டில் ஒரு பழைய வேகன் ஆர் நின்றால் இந்தக் கேள்வி எதுவும் எழாது. 320டி-யைப் பொறுமையாகச் சரி செய்யலாம், நல்ல மெக்கானிக்கைத் தேடலாம், விலையை நாலு இடத்தில் விசாரிக்கலாம். ஒரே கார் வைத்திருப்பவருக்கு அந்தப் பொறுமைக்கு வழியில்லை. ஷெட்டுக்காரர் சொன்ன தொகையைக் கொடுத்து வண்டியை எடுத்துக்கொண்டு வருவார். பழைய சொகுசு கார் குடும்பத்தையே கவிழ்த்துவிட்டது என்று நாம் கேள்விப்படும் கதைகளில் பாதி, அது வீட்டின் ஒரே காராக இருந்த கதைகள்தான்.

அவ்வளவு மலிவாக வருகிறதே என்று வாய்பிளக்க வைக்கும் வண்டிகளில் பல டெல்லியிலிருந்து வருபவை. அங்கே பத்து வருட டீசலை ஓட்டக் கூடாது என்று 2015-இல் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னதும், 2018-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்ததும், அந்த வண்டிகள் தெற்கே இறங்க ஆரம்பித்தன. வண்டி நல்லதாகவே இருக்கலாம். ஆனால் விலைப் பட்டியலில் இல்லாத செலவு இருக்கிறது. அந்த ஊர் ஆர்.டி.ஓ.விடம் என்.ஓ.சி. வாங்க வேண்டும், தமிழ்நாட்டில் ஆயுள் வரியைத் திரும்பக் கட்ட வேண்டும், டி.என். நம்பர் போட வேண்டும். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வெளிமாநில நம்பரிலேயே ஓட்டிக்கொண்டிருக்கச் சட்டத்தில் இடம் இல்லை. "அதெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க சார்" என்று புரோக்கர் சொல்வார். கேட்கிற அன்றைக்கு அவர் போன் எடுக்க மாட்டார்.

சென்னைக்கென்று இன்னொரு பயம் இருக்கிறது. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் மூழ்கிய வண்டிகள் எல்லாம் காயலாங்கடைக்குப் போய்விடவில்லை. கழுவித் துடைத்து, சீட் கவர் மாற்றி, வேறு ஊர்களில் ஓடுகின்றன. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். அடியில் சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக் கறை இருந்தால் மேற்கொண்டு எதுவும் பார்க்க வேண்டியதில்லை. காரின் மற்ற எல்லாவற்றையும் பளபளக்க வைப்பவர்கள் அதை மட்டும் மறந்துவிடுவார்கள்.

இனி புது வண்டி. இங்கே சொல்வதற்குக் குறைவு, அதுவே அதன் சிறப்பு. நாலு மீட்டருக்குள், 1200 சி.சி.க்குள் இருக்கும் பெட்ரோல் கார்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 18 சதவீதம். முன்பு செஸ்ஸோடு சேர்த்து 29. என் லைன் அந்த அளவுக்குள் அடங்குகிறது. ஒரு கணக்கை மட்டும் கவனியுங்கள். தமிழ்நாட்டில் ஐந்திலிருந்து பத்து லட்சம் வரைக்கும் சாலை வரி 13 சதவீதம், பத்தைத் தாண்டினால் 18. அதாவது 9.9 லட்சத்து வண்டிக்கு ஏறக்குறைய ஒரு லட்சத்து இருபத்தொன்பதாயிரம் வரி. பத்தரை லட்சத்துக்கு ஒரு லட்சத்து எண்பத்தொன்பதாயிரம். சன்ரூஃபுக்கும் ரெண்டு ஸ்பீக்கருக்கும் ஆசைப்பட்டு அந்தக் கோட்டைத் தாண்டுபவர்கள் வரியிலேயே அறுபதாயிரம் கூடக் கொடுக்கிறார்கள். சேல்ஸ் தம்பிகள் இதைத் தாமாகச் சொல்ல மாட்டார்கள்.

என் லைனில் டி.சி.டி. என்கிற ஏழு கியர் இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக்கும் உண்டு, மேனுவலும் உண்டு. மேனுவலை எடுங்கள். அந்த டி.சி.டி. எண்ணெயில் நனையாத உலர் கிளட்ச் வகை. கத்திப்பாராவில் சாயங்காலம் ஆறரை மணிக்கு அங்குலம் அங்குலமாக நகரும்போது அது சூடாவதை நினைத்துக்கொண்டே ஓட்டுவதில் என்ன சந்தோஷம்? கிளட்ச்சை நானே மிதித்துக்கொள்கிறேன், எனக்குக் கால் வலித்தால் போகிறது.

சந்தோஷம் என்று வந்ததால் சொல்கிறேன். 320டி-யில் நூறில் போனாலும் அறுபதில் போவது மாதிரிதான் இருக்கும். அதன் திறமை எல்லாம் தெரிய வேண்டுமானால் போகக் கூடாத வேகத்தில் போக வேண்டும். என் லைன் அறுபதிலேயே கலகலப்பாக இருக்கும். இறுக்கமான சஸ்பென்ஷன், கொஞ்சம் முரட்டுச் சத்தம் போடும் எக்ஸாஸ்ட், நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். மயிலாப்பூர் மாட வீதியில் திருப்பி நிறுத்தவும் முடியும். 4.6 மீட்டர் நீள வண்டியை அங்கே கொண்டுபோய்ப் பாருங்கள், தெரியும். உள்ளதை முழுசாகப் பயன்படுத்த முடிகிற வண்டி எனக்குப் பிடிக்கும். வேகம்தான் வேண்டும் என்றால் இருங்காட்டுக்கோட்டையில் ரேஸ் டிராக் இருக்கிறது, ஐ20 பிறக்கிற ஃபேக்டரிக்குப் பக்கத்திலேயே. பி.எம்.டபிள்யூவும் அசலூர்க்காரர் இல்லை. 2007 முதல் செங்கல்பட்டு போகும் வழியில் மகிந்திரா சிட்டியில்தான் பாகங்களைச் சேர்த்துப் பூட்டுகிறார்கள். டோல்கேட்டில் பக்கத்துப் பக்கத்து வரிசையில் நிற்கும் இந்த இரண்டும் சென்னைக்குப் பக்கத்துப் பிள்ளைகள்தான்.

உள்ளூர் ஸ்போர்ட்டி வண்டி என்றால் எனக்கு ஒரு பழைய வருத்தம் உண்டு. கோயம்புத்தூர் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் டாடாவும் சேர்ந்து 2018-இல் டியாகோ ஜே.டி.பி. என்று ஒன்று கொண்டுவந்தார்கள். 6.39 லட்சத்துக்கு 114 பி.எஸ். டர்போ! ரேஸ் ஓட்டிப் பழகிய ஊர்க்காரர்கள் கைவைத்த வண்டி. நாம் யாரும் வாங்கவில்லை. 2020-இல் பி.எஸ்.6 புகை விதி வந்தபோது சத்தமில்லாமல் போய்விட்டது. இணையத்தில் "இந்தியாவுல நல்ல ஹாட் ஹேட்ச் (வேகமான சின்ன கார்) இல்லையே" என்று இன்றும் புலம்புகிறார்கள்.

இந்த விவாதத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒன்று, கல்யாண மண்டப வாசல். பதினாலு லட்சத்துக்கு வாங்கிய பத்து வருட பி.எம்.டபிள்யூ வந்து நின்றால் மாமாக்கள் எழுந்து வருவார்கள். அதே பதினாலு லட்சத்து ஐ20 வந்தால் "ஓரமா போடுங்க தம்பி". இது உண்மை, இதை மறுத்து உபதேசம் பண்ணத் தயாராக இல்லை. அந்த மரியாதைக்காகத்தான் வாங்குகிறேன் என்று ஒருவர் தெளிவாகச் சொன்னால் அதிலும் தப்பில்லை. அது அவர் காசு. "லாங் டிரைவுக்கு, சேஃப்டிக்கு" என்று எனக்கும் சேர்த்துக் கதை சொல்லும்போதுதான் சிரிப்பு வருகிறது. சென்னையில் வண்டிப் பூஜைக்குப் பேர்போன பாடிகாட் முனீஸ்வரர் இரண்டு வண்டிக்கும் ஒரே எலுமிச்சம்பழம்தான் கேட்கிறார்.

சரி, வீட்டில் இன்னொரு கார் இருக்கிறது, மனசு 320டி-யிலேயே நிற்கிறது என்பவர்களுக்கு. 2016-ஐ ஒட்டி முகப்பு மாறியபோது என்ஜினும் மாறியது. பழைய என்47 என்ஜினில் டைமிங் செயின் பின்பக்கம் இருக்கும், அது தேய்ந்தால் என்ஜினையே இறக்க வேண்டிவரும். புதிய பி47 எவ்வளவோ தேவலை. 184 பி.எஸ். என்று சொன்னால் பழசு, 190 என்றால் புதுசு. கிலோமீட்டரை மீட்டரில் மட்டும் பார்க்காதீர்கள். மீட்டரைத் திருத்துபவர்கள் மற்ற கன்ட்ரோல் யூனிட்களில் பதிந்திருப்பதை அழிக்க மறப்பதுண்டு. பி.எம்.டபிள்யூ சாவிக்குள்ளேயே கிலோமீட்டர் பதிவாகும், படிக்கக் கருவி உள்ளவரிடம் காட்டலாம். பரிவாகன் தளத்தில் எத்தனையாவது ஓனர், கடன் நிலுவை இருக்கிறதா, சலான் எத்தனை என்று பாருங்கள். இன்ஷூரன்ஸைப் பதினாலு நாளுக்குள் உங்கள் பேருக்கு மாற்றுங்கள். பழைய ஓனரின் நோ கிளைம் போனஸ் அவரோடு போய்விடும், அதை விலையில் சேர்த்துப் பேசுபவரிடம் ஏமாறாதீர்கள். டீசலை விட்டு பெட்ரோல் 320ஐ தேடுபவர்கள், அது இருபது சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலுக்கு ஒத்துவருமா என்பதையும் கேளுங்கள்.

விற்பவர் வண்டியை ஸ்கேன் பண்ண விடவில்லை, "நான் அப்படி ஆளு இல்ல சார், வண்டி பக்கா" என்று இழுக்கிறார் என்றால் சாவியைக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுங்கள். அதே நிறத்தில் அதே மாடல் அடுத்த வாரம் இன்னொன்று வரும், அனேகமாகப் பத்தாயிரம் குறைச்சலாகவே.