டீச்சர் என்று என்னைத்தான் கூப்பிடுகிறார்கள்

அலாஸ்காவில் ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பிக்கலாமா என்று இந்த மாதம் மட்டும் மூன்று பேர் இன்பாக்ஸில் கேட்டுவிட்டீர்கள். சம்பளம், விசா, வாடகை எல்லாம் தனியாகச் சொல்கிறேன். அதற்கு முன் ஒன்று சொல்ல வேண்டும். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இருப்பது குஸ்கோக்விம் ஆற்றுப் பக்கம் ஒரு யூப்பிக் கிராமம்; யூப்பிக் என்பவர்கள் இங்குள்ள பூர்வகுடி மக்கள். ரோடு கிடையாது. இந்தப் பகுதிக்கு மையமான பெத்தேல் ஊரில் இருந்து ஒன்பது பேர் உட்காரும் குட்டி விமானம். வானிலை சரியில்லை என்றால் அதுவும் வராது. அடிமண் உறைந்து கிடப்பதால் வீடுகளெல்லாம் தூண்மேல் நிற்கும், நடக்கப் பலகைப் பாதை. பல வீடுகளில் குழாய்த் தண்ணீர் இல்லை, கழிப்பறைக்கு வாளிதான். டிசம்பரில் காலை பதினொரு மணிக்குத்தான் விடியும். இதெல்லாம் ஒன்றிரண்டு மாதத்தில் பழகிவிடும், உண்மையாகவே.

எனக்குப் பழகாமல் இருந்தது வகுப்பின் மௌனம். முதல் வாரம், கணக்கு நேரம். "புரிஞ்சுதா?" என்று ஒரு பையனைக் கேட்டேன். பேசாமல் இரண்டு புருவத்தையும் தூக்கினான். நம்மூரில் அப்படிச் செய்தால் "என்ன?" என்று கேட்பதாகத்தானே அர்த்தம்? புரியவில்லை போல என்று மறுபடி விளக்கினேன். மறுபடி புருவம். மூன்றாவது முறையும் நான் ஆரம்பித்தபோது தலையைக் குனிந்துகொண்டான்.

வகுப்பு முடிந்ததும் என் உதவியாளராக இருக்கும் அம்மா மெதுவாகச் சொன்னார்: "அவன் ஒவ்வொரு தடவையும் 'ஆமாம்'னு சொன்னான். நீங்க நம்பலைன்னு நினைச்சுக்கிட்டான்."

புருவம் தூக்கினால் ஆமாம். மூக்கைச் சுருக்கினால் இல்லை. வேலையில் சேர்வதற்கு முன் கொடுத்த பயிற்சியில் இதை ஒருவரும் சொல்லவில்லை.

அந்த அம்மாவைப் பற்றித்தான் இந்தப் பதிவு. இதே ஊரில் பிறந்தவர். இந்தப் பள்ளியில் இருபது வருடத்துக்கு மேல் இருக்கிறார். என் வகுப்புப் பிள்ளைகளில் சிலருடைய அம்மா அப்பாவுக்கே எழுத்து சொல்லிக்கொடுத்தவர். சம்பளப் பட்டியலில் 'உதவியாளர்'. வாங்குவது என் சம்பளத்தில் பாதிகூட இல்லை.

ஒரு நாள் 47இல் எத்தனை பத்து, எத்தனை ஒன்று என்று நான் போர்டில் எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தேன். அவர் எழுந்து வந்து இரண்டு பிள்ளைகளை முன்னால் நிறுத்தி பூட்ஸைக் கழற்றச் சொன்னார். ஒரு சிறுமியின் காலுறை ஓட்டையில் கட்டைவிரல் எட்டிப் பார்த்தது; வகுப்பே சிரித்தது, அவளும் சிரித்தாள். யூப்பிக் மொழியில் எண்ணிக்கை இருபது இருபதாகப் போகும். கைவிரல் பத்து, கால்விரல் பத்து, சேர்ந்தால் ஒரு முழு ஆள். மனிதருக்கு 'யுக்', இருபதுக்கு 'யுயினக்'. இரண்டு பிள்ளைகள் நின்றால் நாற்பது. மூன்றாவதாக ஒருவனைக் கூப்பிட்டு ஏழு விரலை மட்டும் நீட்டச் சொன்னார். "இப்போ பத்து பத்தா எண்ணுங்க." நான்கு பத்து, ஏழு ஒன்று. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

யூப்பிக் பெரியவர்களோடு பல வருடம் உட்கார்ந்து ஜெர்ரி லிப்கா என்ற பேராசிரியரும் அவருடைய குழுவும் ஃபேர்பேங்க்ஸில் உள்ள அலாஸ்கா பல்கலைக்கழகத்தில் இருந்து இப்படிப்பட்ட கணக்குப் பாடங்களைப் புத்தகமாகவே கொண்டுவந்திருக்கிறார்கள். மீன் காயப்போடும் பரண் கட்டுவதை வைத்தே சுற்றளவும் பரப்பளவும் சொல்லித் தருகிற பாடம் ஒன்று. அது என் வகுப்பு அலமாரியின் அடித்தட்டில் கிடந்தது. எடுத்துத் தந்ததும் அந்த அம்மாதான்.

இங்கே பள்ளிக்கூடம் என்றால் சும்மா ஒரு கட்டடம் இல்லை. பாட்டிமார் காலத்தில் யூப்பிக் பேசினால் அடி, வாயில் சோப்பு. உயர்நிலைப் பள்ளி வேண்டுமென்றால் ஊரைவிட்டு அலாஸ்காவின் இன்னொரு கோடியில் இருக்கும் சிட்காவுக்கோ, ஆரிகன் மாநிலத்துக்கோ போய் விடுதியில் தங்க வேண்டும். மாலி ஹூச் என்ற யூப்பிக் பெண்ணின் பெயரில் 1972இல் வழக்குப் போட்டுத்தான், 1976இல் மாநில அரசோடு ஏற்பட்ட உடன்படிக்கையின்படி 126 கிராமங்களுக்கு உயர்நிலைக் கல்வி வந்தது. 2025 அக்டோபரில் ஹாலோங் புயலின் மிச்சம் கிப்நுக், குவிகில்லிங்கோக் ஊர்களை அடித்துப் போட்டபோது மக்கள் ஓடி ஒதுங்கியதும் பள்ளிக்கூடத்தில்தான். அவ்வளவு போராடி வாங்கிய பள்ளிக்கு, ஆகஸ்டில் வந்து மே மாதம் மூட்டை கட்டுகிற ஆசிரியர்களையே அனுப்பிக்கொண்டிருப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் போய்விட்டு நான் திரும்பி வந்த அன்றுதான் பிள்ளைகள் முதன்முதலாக என் பெயரைக் கேட்டார்கள். அதுவரை வெறும் 'டீச்சர்'. விடுமுறைக்குப் போய் அப்படியே வராமல் போனவர்களை அவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

போகிறவர்களைத் திட்டவில்லை. தனிமை பொல்லாதது. 2006 ஜூலை முதல் சேர்ந்த ஆசிரியர்களுக்கு இந்த மாநிலத்தில் பழைய ஓய்வூதியமும் கிடையாது. ஆனால் ஓர் ஆசிரியர் போய் இன்னொருவரைக் கொண்டுவர 20,000 டாலருக்கு மேல் செலவாகிறது என்று அலாஸ்கா பல்கலைக்கழக ஆய்வாளர்களே 2017இல் கணக்குப் போட்டார்கள். அந்தப் பணத்தை அந்த அம்மா போன்றவர்கள் பட்டம் வாங்கச் செலவழியுங்கள் என்கிறேன். பெத்தேலிலேயே பல்கலைக்கழகக் கிளை இருக்கிறது. படிக்கிற நாட்களுக்குச் சம்பளம் கொடுங்கள். ஆற்றில் சால்மன் வரும் ஜூன், ஜூலையில் வகுப்பு வைக்காதீர்கள். அந்த மீன்தான் அவர்கள் வீட்டுக் குளிர்கால அரிசி. தரம் குறைந்துவிடும் என்று ஒரு சகஆசிரியர் வாதாடினார். தேர்வைத் தளர்த்தச் சொல்லவில்லை, தேர்வு எழுத வழிவிடச் சொல்கிறேன். தகுதிச் சான்றிதழ் என் கையில்தான் இருந்தது. அந்தப் பையன் மூன்று முறை சொன்ன பதில் எனக்குக் கேட்கவில்லையே.

வராதீர்கள் என்று சொல்ல மாட்டேன். வாருங்கள், ஆள் பற்றாக்குறை உண்மை. வந்தால் நான்கைந்து வருடம் இருக்கிற மாதிரி வாருங்கள். நேர்காணலில் வீடு எப்படி, இணையம் எப்படி என்று கேட்பதற்கு முன் இதைக் கேளுங்கள்: உங்கள் பள்ளியில் எத்தனை உள்ளூர் உதவியாளர்கள் ஆசிரியர் பயிற்சியில் இருக்கிறார்கள், அதற்குச் செலவு யார் கொடுக்கிறார்கள்?