பல்லு பளிச்சுன்னா நோய் போயிடுச்சா?

மறுபடியும் அதே வீடியோ. நாய் வேற, கை வேற, மத்தபடி அச்சு அசலா அதேதான். முதல்ல பழுப்பேறின பல்லு, கடைசியில வெள்ளைப் பல்லு, நடுவுல இரும்புக் கொக்கியால கரகரன்னு சுரண்டுற சத்தம். "மயக்க மருந்தே வேண்டாம், வீட்டிலேயே செய்யலாம்"னு தலைப்பு. கீழ ஹார்ட்டா கொட்டிக் கிடக்கு. "இந்தக் கருவி எங்க கிடைக்கும்?"னு வரிசையா கேள்வி. வயிறு எரியுது.

நீங்களும் பாத்திருப்பீங்க. பாத்துட்டுத் தள்ளிவிட்டுப் போயிருப்பீங்க. இந்தத் தடவை நிறுத்தி நிறுத்திப் பாருங்க.

முதல் விநாடி. நாய் மல்லாக்கக் கிடக்கு. தலை ரெண்டு முழங்காலுக்கு நடுவுல. ஒரு கை மேலுதட்டை விலக்குது. கன்னத்தை ஒட்டி ஒரு பெரிய பல்லு தெரியுதே, மேல் தாடையோட நாலாவது முன்கடைவாய்ப்பல், அதுமேல ஓடு மாதிரி காரை. பெரும்பாலும் காரை கெட்டியாக் கட்டுறது அங்கதான். காதுக்குக் கீழ இருக்கிற உமிழ்நீர்ச் சுரப்பியோட குழாய் அந்தப் பல்லுக்கு நேரா கன்னத்துல வந்து திறக்குது. உமிழ்நீர்ல இருக்கிற சுண்ணாம்புச் சத்து அழுக்குப் படலத்தோட சேர்ந்து இறுகிக் கல்லாயிடுது. நாயோட உமிழ்நீர் நம்மளதைவிடக் காரத்தன்மை கூடினது. அதுக்குச் சொத்தைப் பல்லு அபூர்வமா வர்றதுக்கும், காரை சட்டுனு கட்டுறதுக்கும் அதுவும் ஒரு காரணம்.

7வது விநாடி. இங்க நிறுத்துங்க. பல்லும் ஈறும் சேருற விளிம்பைப் பாருங்க. செக்கச்செவேல்னு ஒரு கோடு ஓடுது. நல்ல ஈறு மெலிசா, பல்லோட ஒட்டிப்போய் இருக்கும். இது வீங்கி, உருண்டு, பல்லை விட்டு விலகி நிக்குது. நோய் அந்தக் கோட்டுல ஆரம்பிச்சு உள்ள போகுது. கொக்கி அங்க போகவே இல்ல. போகவும் முடியாது, நாய் முழிச்சிருக்கு.

12வது விநாடி. கொக்கி நுனி காரைக்கு அடியில நுழையுது. டக்குனு ஒரு சில்லு தெறிக்குது. அந்த நேரத்துல பல்லை விட்டுட்டு நாயோட முகத்தைப் பாருங்க. வெள்ளை விழி பிறை மாதிரி தெரியுது. நாக்கு திரும்பத் திரும்ப மூக்கை நக்குது. காது ரெண்டும் பின்னால ஒட்டிக் கிடக்கு. அந்தக் காட்சிக்கு மேல எழுதியிருக்காங்க, "எவ்ளோ சமத்தா படுத்திருக்கான் பாருங்க"ன்னு. அது சமத்தா? பயத்துல விறைச்சுப்போய்க் கிடக்குதுங்க அந்த ஜீவன்!

19வது விநாடி. நாய் தலையைத் திருப்புது, கொக்கி வழுக்குது, ஈறுல பொட்டு மாதிரி ரத்தம். காட்சியை வெட்டிட்டாங்க.

23வது விநாடி. உள்ளங்கையில காரைத் துண்டு. புதையல் எடுத்த மாதிரி வெளிச்சத்துல திருப்பித் திருப்பிக் காட்டுறாங்க.

31வது விநாடி. வெள்ளைப் பல்லு. வெளிப்பக்கம் மட்டும். நாக்குப் பக்கம் ஒரு தடவைகூடக் காட்டல. முடிஞ்சுது.

எது முடிஞ்சுது? சுவருக்குள்ள கரையான் அரிச்சிட்டிருக்கும்போது வெளியில வெள்ளையடிச்சாச்சு, அவ்வளவுதான். பல்லோட பாதிக்கு மேல எலும்புக்குள்ள புதைஞ்சிருக்கு. ஈறுக்கடியில கிருமி தங்குது, அதை எதிர்க்கிற வீக்கத்துல பல்லைப் பிடிச்சிருக்கிற நாரும் எலும்பும் கரையுது. கரைஞ்ச எலும்பு தானா திரும்பி வளராது. அதைக் கண்டுபிடிக்க அளவுகோடு போட்ட மெல்லிசுக் கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவுல விட்டு ஒவ்வொரு பல்லையும் சுத்தி அளக்கணும். 3 மில்லிமீட்டருக்கு மேல இறங்குச்சுன்னா அங்க பள்ளம் விழுந்திருக்கு. அப்புறம் எக்ஸ்ரே. வளர்ந்த நாய்க்கு 42 பல்லு. முழிச்சிருக்கிற எந்த நாய் 42 பல்லையும் இப்படி அளக்க விடும்?

இன்னொண்ணு. இரும்பு பட்ட பல்லு மேல கீறல் விழும். கண்ணுக்குத் தெரியாது. சொரசொரப்பான பரப்புல அழுக்குப் படலம் இன்னும் லேசா ஒட்டிக்கும். ஆஸ்பத்திரியில சுரண்டின பிறகு பாலிஷ் போடுறது அதுக்காகத்தான், பளபளப்புக்காக இல்ல. இந்த வீடியோல எவனாவது பாலிஷ் போட்டுப் பாத்திருக்கீங்களா?

சின்ன ஜாதி நாய்களை நினைச்சாத்தான் இன்னும் பதறுது. சின்ன வாய்க்குள்ள அதே 42 பல்லு நெருக்கியடிச்சு நிக்கும். கீழ் தாடை எலும்பே மெல்லிசு. அதுவும் கரைஞ்சுபோச்சுன்னா சோபாவுல இருந்து குதிச்சாலே தாடை முறிஞ்சிடும். டாக்ஸ்ஹுண்ட் மாதிரி நீள மூக்கு நாய்ல, மேல் கோரைப்பல்லோட உள்பக்கம் பள்ளம் ஆழமாகி மூக்கு வரைக்கும் ஓட்டை விழும். ஓயாம தும்மும், ஒரு பக்க மூக்குல ஒழுகும். வீட்ல சளின்னு நினைச்சிட்டிருப்பாங்க. வெளியில பாத்தா அந்தக் கோரைப்பல்லு வெள்ளை வெளேர்னு இருக்கும்!

மயக்க மருந்து பயம் நியாயமானது. ஆபத்தே இல்லன்னு சொல்ல மாட்டேன். அதுக்குத்தான் முன்கூட்டியே ரத்தப் பரிசோதனை, நரம்புல சலைன், மயக்கத்துல இருக்கிற வரைக்கும் இதயத்துடிப்பு, ஆக்சிஜன், ரத்த அழுத்தம், உடம்புச் சூடு எல்லாத்தையும் பாத்துக்கிட்டே ஒருத்தர். மூச்சுக்குழாய்ல காத்தடைச்ச வளையம் வெச்ச குழாய் போடுவாங்க. காரையை எடுக்கிற ஸ்கேலிங் மெஷின் பீச்சுற தண்ணியும் கிருமியும் நுரையீரலுக்குள்ள போகாம தடுக்கிறது அந்த வளையம்தான். முழிச்ச நாய்க்கு அந்தப் பாதுகாப்புகூடக் கிடையாது. மயக்க மருந்து இல்லாம இப்படிச் சுரண்டுறதை, கால்நடைப் பல் நிபுணர்களோட அமைப்பான அமெரிக்கக் கால்நடைப் பல் மருத்துவக் கல்லூரியும் எதிர்க்குது, 2020ல வந்த உலகச் சிறுவிலங்கு கால்நடை மருத்துவர் சங்கத்தோட பல் வழிகாட்டியும் எதிர்க்குது.

உடனே ஒரு பதில் வரும்: "பிரஷ் பண்ணிப் பாத்தோம், அவன் ஒத்துக்கல." எப்படி ஒத்துக்கும்? முதல் நாளே வாயைப் பொளந்து பிரஷை விட்டா யாரு ஒத்துக்குவா? வாயைத் திறக்கவே வேண்டாம்! இதை எத்தனை தடவை சொன்னாலும் ஏற மாட்டேங்குது. வாய் மூடியே இருக்கட்டும். உதட்டை மட்டும் விலக்கினாப் போதும். தேய்க்க வேண்டியது கன்னத்துப் பக்கம்தான். உள்பக்கத்தை நாக்கு ஓரளவு பாத்துக்குது, அங்க காரை கம்மியாத்தான் கட்டும்.

முதல் 3, 4 நாள் பிரஷை வெளியவே எடுக்காதீங்க. உதட்டைத் தூக்கு, விடு, ஒரு தீனி. அவ்வளவுதான். அடுத்த சில நாள் விரல்ல பேஸ்ட்டைத் தடவி நக்க விடுங்க. அப்புறம் அதே விரலால கோரைப்பல்லைத் தேய்ங்க, மெல்ல மெல்லப் பின்னால போங்க. அதுக்கப்புறம்தான் மெத்துன்னு இழை இருக்கிற பிரஷ். இழையை ஈறு விளிம்பைப் பாத்து 45 டிகிரி சாய்ச்சு, சின்னச் சின்ன வட்டமா தேய்ங்க. ஒரு பக்கத்துக்கு 30 விநாடி. அந்தக் கொக்கி வீடியோ ஓடுற நேரத்துல ஒரு பக்கம் முடிச்சிடலாம். நாய் தலையைத் திருப்புறதுக்கு முன்னாடியே நிறுத்திடுங்க. 10 விநாடிதான் ஆச்சுன்னாலும் பரவாயில்ல, நாளைக்கு ஓடி ஒளியாம வரணும்.

தினமும் பண்ணணும். பல்லு மேல படலம் படிய ஒரு நாள் போதும். அது 2, 3 நாள்ல கல்லாக ஆரம்பிச்சிடும், அப்புறம் எந்த பிரஷுக்கும் அசையாது. வாரத்துக்கு ஒரு தடவை தேய்ச்சா கல்லு மேலதான் தேய்ச்சிட்டிருப்பீங்க.

நாம பல்லு விளக்குற பேஸ்ட்டை நாய் வாய்ல வைக்கவே வைக்காதீங்க. நாய்க்குக் கொப்பளிச்சுத் துப்பத் தெரியாது, அத்தனையும் வயித்துக்குள்ள போகும். ஃப்ளோரைடும் நுரையும் அதுக்கு ஆகாது. இனிப்புக்காகச் சேர்க்கிற சைலிட்டால் இருந்துச்சுன்னா உயிருக்கே ஆபத்து. நாய் உடம்புல அது இன்சுலினைத் தாறுமாறா சுரக்க வெச்சு, அரை மணி நேரத்துலகூட ரத்தச் சர்க்கரையை விழவெச்சிடும். கூடுதலாப் போனா ஈரல் கெடும். நாய்க்குன்னே செஞ்ச பேஸ்ட்டை, அதுவும் பட்டாணி அளவு எடுத்தாப் போதும்.

ஏற்கெனவே ஈறு வீங்கி, காரை கல்லாயிருக்கிற நாய்க்கு நேரா பிரஷ் போடாதீங்க. முதல்ல டாக்டர். வலிக்கிற வாய்ல தேய்ச்சா பிரஷைக் கண்டாலே ஓடும், அப்புறம் பழக்குறது ரொம்பக் கஷ்டம்.

"எலும்பு கடிக்கிறான், அதுவே சுத்தம் பண்ணிடும்"னு சொல்றவங்களுக்கு. எலும்பு, மான் கொம்பு, குளம்பு, இதையெல்லாம் கட்டை விரல் நகத்தால அழுத்திப் பாருங்க. பள்ளம் விழலன்னா அது நாய்ப் பல்லுக்கும் கடினம். உடையுறதும் பெரும்பாலும் அதே நாலாவது முன்கடைவாய்ப்பல்தான், பட்டையா பிளந்துக்கும். அதோட வேர்ல சீழ் கட்டினா கண்ணுக்குக் கீழ வீங்கும். பூச்சி கடிச்சிருக்கும்னு மருந்து தடவிட்டு உட்கார்ந்திருப்பாங்க. மெல்லுற பொருள் வாங்குறதா இருந்தா, அமெரிக்காவுல 1997ல ஆரம்பிச்ச கால்நடை வாய்நலக் கவுன்சிலோட முத்திரை இருக்கான்னு பாத்து வாங்குங்க. பரிசோதனை முடிவைக் காட்டினாத்தான் அதைக் குடுப்பாங்க.

"நல்லா சாப்பிடுறானே"ங்கிறீங்க. சாப்பிடும். வாயெல்லாம் புண்ணா இருந்தாலும் சாப்பிடும். மெல்லாம முழுங்கும், ஒரே பக்கமா மெல்லும், பொம்மையைத் தொடாது, முகத்தைக் காலால தேய்க்கும். நாத்தம் வந்தப்பவே வாயைப் பாத்திருக்கணும், "நாய்னா வாய் நாறத்தானே செய்யும்"னு விட்டுட்டோம். அழவும் தெரியாம, வாய்விட்டுச் சொல்லவும் தெரியாம எத்தனை நாய் இப்படியே காலத்தை ஓட்டுதோ.

எழுதி முடிக்கிறதுக்குள்ள அடுத்த வீடியோ தானா ஓட ஆரம்பிச்சிடுச்சு. அதே கை. இந்தத் தடவை காது. நீள பட்ஸை எடுத்து உள்ள விட்டுத் திருகுறாங்க. நாய்க் காதுக்குள்ள வழி நேரா போகாதுங்க, கீழ இறங்கி எல் வடிவத்துல உள்பக்கமாத் திரும்பும். பட்ஸ் அழுக்கை அந்த வளைவுக்குள்ள இன்னும் தள்ளி அடைக்கும். காது சுத்தம் பண்ற திரவத்தை ஊத்தி, அடிக்காதைப் பிசைஞ்சு விட்டு, அது தலையை உதறினதும் வெளிய வந்ததை மட்டும் பஞ்சால துடைங்க. அந்த பட்ஸைக் கீழ போடுங்க, புண்ணியமாப் போகும்!