பழைய அனிமேயா, புதிய அனிமேயா என்று சண்டை போடும் முன் எந்தப் பிரதியைப் பார்க்கிறோம் என்று பாருங்கள்

அனிமே, அதாவது ஜப்பானிய அனிமேஷன் பற்றி, '90களின் அனிமேயில் உயிர் இருந்தது, இப்போது வருவதெல்லாம் கம்ப்யூட்டர் வேலை' என்கிற பதிவு ஓயாமல் சுற்றுகிறது. சாட்சிக்கு இரண்டு ஸ்க்ரீன்ஷாட். ஒன்று பெரும்பாலும் 1988-இன் 'அகிரா'. மற்றது இந்த சீசனில் வாராவாரம் ஓடும் ஏதோ ஒரு தொடர். வசனத்தை முதலில் பதிவு செய்துவிட்டு அதற்கேற்ப வாயசைவு வரைந்த, திரையரங்குக்கான பெரும்படம் அது. இது மூன்று மாதத்தில் 12 எபிசோட் ஓட்டி முடிக்க வேண்டிய டிவி தொடர். இதில் என்ன ஒப்பீடு?

டிவியை டிவியோடு வையுங்கள். 1963 ஜனவரி 1 அன்று தெசுகா ஒசாமுவின் 'ஆஸ்ட்ரோ பாய்' ஜப்பானில் தொடங்கியபோதே சிக்கனமும் தொடங்கிவிட்டது. ஃபிலிமில் நொடிக்கு 24 ஃபிரேம். ஒரே ஓவியத்தை மூன்று ஃபிரேமுக்கு நிறுத்தினால் நொடிக்கு 8 ஓவியம் போதும். முகம் அப்படியே இருக்க வாய் மட்டும் அசையும். ஒருமுறை வரைந்த ஓட்டத்தை வேறு எபிசோடிலும் எடுத்துப் போடுவார்கள். இன்று கையால் வரையும் தொடர்களும் பெரும்பாலும் இதே கணக்கில்தான் ஓடுகின்றன.

நிஜமாக மாறியது வண்ணமும் கேமராவும். அப்போது காகிதத்தில் வரைந்த கோட்டை செல் என்கிற ஒளிபுகும் தாளுக்கு மாற்றி, அதன் பின்புறத்தில் பெயின்ட் அடித்து, காயவைத்து, தனியே தீட்டிய பின்னணியின் மேல் அடுக்கி, ஃபிரேம் ஃபிரேமாக ஃபிலிமில் படம் பிடித்தார்கள். செல் தாள் முழுத் தெளிவானதல்ல. அடுக்கு கூடக்கூட அடியில் இருப்பதன் நிறம் மங்கும். அதை ஈடுகட்ட அடி அடுக்குக்கு வேறு நிறம் கலக்க வேண்டும். தூசி விழுந்தால் அதுவும் படத்தில் பதியும். லேசர், வெடிப்பு, கார் விளக்கு எல்லாம் கருப்பு மறைப்பில் துளையிட்டு, கீழிருந்து உண்மையான விளக்கை எரியவிட்டு, அதே ஃபிலிமில் இரண்டாம் முறை பதித்தவை. 'அகிரா'வின் பைக் விளக்குகள் கண்ணைப் பறிப்பது இதனால்தான். அங்கே ஃபிலிமில் விழுந்தது நிஜ ஒளி.

ஃபிலிம் இன்னொரு விதத்திலும் கைகொடுத்தது. மூல ஃபிலிம் பத்திரமாக இருந்தால் எப்போது வேண்டுமானாலும் மறுபடி ஸ்கேன் செய்யலாம். 'அகிரா' 2020-இல் 4கே-யில் வந்தது அப்படித்தான். 1998-இன் 'கௌபாய் பீபாப்' ப்ளூரேயில் அவ்வளவு கூர்மையாக இருப்பதும் அப்படித்தான்.

உண்மையில் அடி வாங்கியது நடுவில் வந்த தலைமுறை. 2000-ஐ ஒட்டி ஸ்டுடியோக்கள் செல்லைக் கைவிட்டு டிஜிட்டலுக்கு மாறின. 'சசாயே-சான்' என்ற தொடர் மட்டும் 2013 வரை செல்லில் தாக்குப்பிடித்தது. மாறிய புதிதில் பல தொடர்களை அன்றைய டிவி அளவுக்கே, சுமார் 480 வரி ரெசல்யூஷனில் தயாரித்து முடித்தார்கள். ஃபிலிம் கிடையாது, திரும்ப ஸ்கேன் செய்ய எதுவும் இல்லை. 2003-இன் 'ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்' ப்ளூரே வெறும் பெரிதாக்கல்தான். ஐந்து வருடம் மூத்த 'பீபாப்' அதைவிடத் துல்லியமாகத் தெரிகிறது! டிஜிட்டல் என்றாலே தட்டையானது, பிசிறடிப்பது என்ற எண்ணம் பலருக்கு இந்தக் காலத் தொடர்களால்தான் வந்தது. அதை 2019-இன் 'டீமன் ஸ்லேயர்' மீது ஏற்றுவது அநியாயம். கையால் வரைந்த உருவத்தையும் முப்பரிமாணப் பின்னணியையும் ஒளியையும் கம்ப்யூட்டரில் ஒன்றுசேர்க்கும் வேலையை, அதைத் தயாரித்த யுஃபோடேபிள் தன் ஸ்டுடியோவுக்குள்ளேயே செய்கிறது. சுழன்று போகும் அந்த கேமராவை செல் அடுக்கி எடுக்கவே முடியாது.

பழைய தொடரையும் கெடுக்க முடியும். 'டிராகன் பால் இசட்' 16 எம்எம் ஃபிலிமில் எடுத்தது, அகலம் 4, உயரம் 3 என்ற 4:3 சட்டகம். 2007-இல் அமெரிக்காவில் வந்த சீசன் டிவிடிகளில் மேலும் கீழும் வெட்டி, இன்றைய அகலத் திரைக்கான 16:9 ஆக்கினார்கள். அகலத்தை அப்படியே வைத்து வெட்டினால் உயரத்தில் 25 சதவீதம் போய்விடும். தலைமுடி நுனி போச்சு, தரையில் நிற்கும் கால் போச்சு. போதாததற்கு கிரெய்னை, அதாவது ஃபிலிமில் தெரியும் பொடித் துகள்களை, துடைக்கிறேன் என்று சாஃப்ட்வேரை ஓடவிட்டதில் மெல்லிய கோடுகளும் சேர்ந்து அழிந்தன. கிரெய்ன் அழுக்கல்ல, படமே அந்தத் துகள்களால் ஆனதுதான்.

எனவே பழைய தொடர் வாங்கும்போதும் பார்க்கும்போதும் 4:3-யில், இருபுறமும் கருப்புப் பட்டையோடு உள்ள பிரதியைத் தேடுங்கள். முகம் மெழுகுபோல் வழுவழுவென்றிருந்து, கோடு ஓரிடத்தில் தடித்து ஓரிடத்தில் காணாமல் போனால் அது துடைத்த பிரதி. கிரெய்ன் கட்டம் கட்டமாக உடைந்தால் குற்றம் ஃபிலிமுடையதல்ல. ஸ்ட்ரீமிங்கின் பிட்ரேட், அதாவது நொடிக்கு அனுப்பும் தரவின் அளவு, போதவில்லை. புதிய தொடரில் சண்டைக் காட்சி திடீரென்று மங்கி நிழலடித்தால் இயக்குநரைத் திட்டாதீர்கள். 1997 டிசம்பர் 16 அன்று 'போக்கிமான்' எபிசோடின் சிவப்பு நீல மின்னல்களால் நூற்றுக்கணக்கான குழந்தைகள் மருத்துவமனைக்குப் போனார்கள். அதன்பின் வந்த விதிகளால் ஒளிபரப்புப் பிரதியில் மின்னலை மட்டுப்படுத்துகிறார்கள். டிஸ்க்கில் பெரும்பாலும் முழு வெளிச்சம் திரும்பிவிடும்.

டிவியில் முதலில் மோஷன் ஸ்மூத்திங்கை அணையுங்கள். மூன்று ஃபிரேம் நிற்க வேண்டிய ஓவியத்துக்கு நடுவே டிவி தானாக ஒரு படத்தைக் கற்பனை செய்து செருகுகிறது. அடி விழும் வேகத்துக்காக வேண்டுமென்றே இழுத்து வரைந்த ஒற்றை ஃபிரேம் அதில் குழைந்துவிடும். நாய்ஸ் ரிடக்‌ஷனையும் அணையுங்கள். ஷார்ப்னஸை, கோட்டைச் சுற்றி வெள்ளை விளிம்பு மறையும்வரை குறையுங்கள். 2000-களின் தொடக்கத்துத் தொடர்களுக்கு மட்டும் பெரிய திரை வேண்டாம், லேப்டாப்பே நல்லது. ஏஐ வைத்து 4கே ஆக்கியதாகச் சொல்லும் பிரதிகள் பக்கம் போகாதீர்கள். தூரத்தில் நிற்கும் சிறு முகங்களில் இல்லாத கண்ணையும் மூக்கையும் அவை வரைந்து வைத்திருக்கும்.